அரும்பின் கூலி எங்கே?

மயிலாப்பூரிலே, கபாலி கோயில் மாடவீதியை ஒட்டிய சந்து ஒன்றில், ஓடு வேய்ந்த பழைய வீடு. வாயிலிலே ஜெனரேட்டர் வண்டி உறுமிக்கொண்டு நின்றது. தெருவெல்லாம் கருநாகம் போல ஒயர் சுருண்டு கிடந்தது. உள்ளே தொலைக்காட்சித் தொடருக்குப் படப்பிடிப்பு. வேடிக்கை பார்க்க நின்ற கூட்டத்தோடு நாமும் சற்று நின்றோம். நம் கண் போனது விளக்கின் ஒளிக்கு அல்ல, திண்ணைக்கு.

அங்கே ஏழு வயதிருக்கும் சிறுமி ஒருத்தி. பட்டுப் பாவாடை, நெற்றிச்சுட்டி, முகம் நிறைய அரிதாரம். தாயின் மடியிலே தலை வைத்து உறங்குகிறாள். கன்னம் துணியிலே பட்டால் பூச்சுக் கலையுமே என்று, தாய் அந்தத் தலையைத் தன் உள்ளங்கையிலே ஏந்திக்கொண்டிருக்கிறாள். மற்றொரு கையிலே பள்ளிக்கூட நோட்டு — விசிறியாக! உள்ளிருந்து ஒரு குரல்: "பாப்பாவைக் கூப்பிடுங்க, ஷாட் ரெடி!" குழந்தை எழுந்தாள். கண்ணைக் கசக்கத் தூக்கிய கையைத் தாய் பிடித்துக்கொண்டாள். மை அழிந்துவிடுமல்லவா!

"கொடுத்து வைத்த குழந்தை" என்றார் பக்கத்திலே நின்ற பெரியவர். கொடுத்து வைத்ததுதான். எங்கே வைத்தது, யார் கணக்கிலே வைத்தது, வளர்ந்த பிறகு அது திரும்பக் கிடைக்குமா — இதைத்தான் நாம் கேட்கிறோம்.

சுட்டி என்பார்கள், மழலை என்பார்கள், குட்டி நட்சத்திரம் என்பார்கள். கொஞ்சுமொழிக்குப் பஞ்சமில்லை. ஆனால் உள்ளதை உள்ளபடி சொன்னால், காலையிலே வந்து, சொன்ன இடத்திலே நின்று, சொன்னதைச் செய்து, கூலி பெற்றுப் போகிறவர் யாரோ அவர் தொழிலாளி. ஆலையிலே தறி ஓட்டினாலும் தொழிலாளிதான். விளக்கொளியிலே வசனம் பேசினாலும் தொழிலாளிதான். தொழிலாளிக்கு வயது ஏழு என்பதாலே கூலிக்கணக்கு குறைந்தா போகும்?

இது தொலைக்காட்சி வந்த பிறகு முளைத்த சங்கதி அல்ல. தமிழ்நாட்டு நடிப்புக்கலையின் வேரே குழந்தைத் தொழிலாளர் மீது ஊன்றியதுதான். "பாய்ஸ் கம்பெனி" என்று பாட்டன்மார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1918இல் மதுரையிலே சங்கரதாஸ் சுவாமிகளை ஆசானாகக் கொண்டு எழுந்தது தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபை. சின்னஞ்சிறு பிள்ளைகள்தாம் அங்கே அரசன், அரசி, அமைச்சன், விதூஷகன் எல்லாம். அந்தச் சபையிலே ஆறு வயதிலே கால் வைத்தவர்தான் பிற்காலத்து அவ்வை டி.கே. சண்முகம். அந்தப் பாலகனுக்காகவே சுவாமிகள் ஒரே இரவில் 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தை எழுதி முடித்தார் என்பது நாடக உலகிலே இன்றும் வியந்து பேசப்படும் செய்தி. மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியின் சோற்றை உண்டு வளர்ந்தவர்களிலே ஒருவர் எம்.ஜி.ஆர்.; மற்றொருவர் பி.யு. சின்னப்பா. சிவாஜி கணேசனும் வீட்டை விட்டோடிப் பாலர் கம்பெனியிலே சேர்ந்தவர்தான். பாலர் குழுவிலே தொடங்கி டி.கே.எஸ். சகோதரர்களிடம் தேர்ந்த இலட்சிய நடிகர் எஸ்.எஸ். ராஜேந்திரன், 1962இல் தேனித் தொகுதியிலே வென்று சட்டமன்றத்துக்கே போனார்.

அந்தக் கம்பெனிகளைச் சொர்க்கம் என்று நாம் சொல்லவரவில்லை. அடி உண்டு, பட்டினி உண்டு, ஊருக்குப் போக விடுப்புக் கிடையாத கொடுமை உண்டு. வறுமைதான் பிள்ளைகளை அங்கே தள்ளியது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வொரு பிள்ளையின் தலைக்கு மேலும் ஒரு கத்தி தொங்கியது. அதற்குப் பெயர் மகரக்கட்டு. பதின்மூன்று, பதினான்கு வயதிலே குரல் உடையும். நேற்றுவரை குயிலாகக் கூவிய தொண்டை இன்று தவளையாகக் கத்தும். அவ்வளவுதான், பாட்டுத்தான் நாடகம் என்றிருந்த அந்தக் காலத்திலே ராஜபார்ட் பறிபோகும். சின்னப்பாவுக்கு நேர்ந்தது அதுதான். குரல் உடைந்து கம்பெனியை விட்டு வெளியே வந்த அவர் சிலம்பம் பழகினார், எடை தூக்கினார், சங்கீதம் கற்றார், மீண்டும் ஏறினார். எத்தனை சின்னப்பாக்கள் ஏறாமலே போனார்களோ, அவர்கள் பெயரை எந்தச் சுவரொட்டி சொல்லும்?

ஆயினும் ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் கம்பெனி பிள்ளையை வேலை வாங்கியது. அதோடு வேலை கற்றும் கொடுத்தது. பாட்டு, தாளம், தமிழ் உச்சரிப்பு, திரை கட்டுவது முதல் வேடம் போடுவது வரை. வெளியே வந்தவன் கையிலே பணம் இருந்ததோ இல்லையோ, தொழில் இருந்தது. தியாகராயநகரிலே ஜி.என். செட்டி சாலை வழியாகப் போகும் தோழர்கள் கலைவாணர் சிலையைப் பார்த்திருப்பீர்கள். 1969 சனவரியிலே, நோயின் பிடியிலிருந்த அறிஞர் அண்ணா வந்து திறந்து வைத்த சிலை அது. அண்ணா கலந்துகொண்ட கடைசிப் பொதுநிகழ்ச்சியும் அதுவே. நாகர்கோவிலிலே நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்ற பிள்ளை, டி.கே.எஸ். கம்பெனியில் சேர்ந்து தொழில் கற்றுக் கலைவாணர் ஆன கதைக்குச் சாட்சியாகத்தான் அந்தச் சிலை நிற்கிறது.

இப்போது ஆழ்வார்ப்பேட்டைப் பக்கம் வாருங்கள். 1960 ஆகஸ்டில் ஏவி.எம். நிறுவனத்தின் 'களத்தூர் கண்ணம்மா' வெளிவந்தது. பீம்சிங் இயக்கம், ஜெமினி கணேசன், சாவித்திரி நடிப்பு. அவர்களையெல்லாம் விழுங்கிவிட்டு நின்றது ஓர் அனாதைச் சிறுவன் வேடம். பரமக்குடியிலே 1954இல் பிறந்த கமல்ஹாசன் என்ற பாலகன் அந்த வேடத்திலே நாட்டையே அழவைத்தான். தொடர்ந்து 'பார்த்தால் பசி தீரும்', 'பாதகாணிக்கை', 'வானம்பாடி', எம்.ஜி.ஆருடன் 'ஆனந்த ஜோதி'. 1963 வந்தது, படங்கள் நின்றன. பையன் வளர்ந்துவிட்டான்! இடுப்பிலே தூக்கிக் கொஞ்சவும் முடியாது, கதாநாயகியோடு நிறுத்தவும் முடியாது.

அடுத்து அவர் பெயர் சொல்லும்படி வந்தது கே. பாலசந்தரின் 'அரங்கேற்றம்', 1973இல். இடையிலே ஓடியது பத்து ஆண்டு! தோழர்களே, கமல்ஹாசனைப் பற்றிப் பேசுவோர் எல்லாரும் முன்னுள்ள மூன்றாண்டையும் பின்னுள்ள ஐம்பதாண்டையும் பேசுகிறார்கள். நாம் அந்த இடைப்பட்ட பத்தாண்டைப் பார்க்கச் சொல்கிறோம். பள்ளிப் படிப்பு பாதியிலே நின்றது. பையன் சும்மா இருந்தானா? இல்லை, சும்மா இருக்க விடப்படவில்லை. எந்தச் சண்முகம் ஆறு வயதிலே சங்கரதாசரிடம் போய் நின்றாரோ, அந்தச் சண்முகத்தின் நாடகக் குழுவிலே போய் இந்தப் பிள்ளை நின்றான். மேடையிலே குரலை எறியக் கற்றான். பிறகு நடனம். தங்கப்பன் மாஸ்டரிடம் உதவியாளராக, பிறர் ஆடுவதற்கு அடவு சொல்லித் தரும் வேலை. நேற்று நட்சத்திரம், இன்று நடனக் கூடத்திலே உதவியாள். தாழ்வு என்று அதை நினைத்திருந்தால், அன்றே ஒரு கலைஞன் தொலைந்திருப்பான்.

1996இல் அவர் பெண்வேடத்திலே நடித்த படத்துக்கு 'அவ்வை சண்முகி' என்று பெயர் வந்ததே, அது வெறும் வேடிக்கைப் பெயரல்ல; ஆசானுக்குச் செலுத்திய காணிக்கை. இராயப்பேட்டையிலிருந்து கோபாலபுரம் பக்கம் போகும் லாயிட்ஸ் சாலைக்கு அவ்வை சண்முகம் சாலை என்று பெயர் சூட்டியிருப்பதையும் இங்கே நினைவூட்டுகிறோம். அந்தச் சாலையிலே கட்சிக் கொடி பிடித்து நடந்த பல பேருக்கு, அது ஒரு குழந்தை நடிகரின் பெயர் என்பது தெரியாது! 2025இல் மாநிலங்களவை உறுப்பினராகப் பதவியேற்றிருக்கும் கமல்ஹாசனின் அரசியலை அவரவர் தராசிலே நிறுத்துக்கொள்ளட்டும். நாம் நிறுப்பது அந்தப் பத்தாண்டை மட்டும்.

பெண் குழந்தைகள் கதை வேறு. 1937இல் 'பாலயோகினி'யிலே தோன்றிய பேபி சரோஜாவுக்கு நாடே மயங்கியது. பிறந்த பெண்களுக்கெல்லாம் சரோஜா என்று பெயர் வைத்தார்கள். 'தியாகபூமி'யும் 'காமதேனு'வும் முடிந்ததும் திரையை விட்டு விலகினார். 2019இல் மறைந்தபோது, அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று அறியாத சரோஜாக்களே நாட்டிலே மிகுதி. குட்டி பத்மினியோ திரைப்படத்திலே குழந்தை, தொலைக்காட்சியிலே முதலாளி! 1965இல் 'குழந்தையும் தெய்வமும்' படத்திலே இரட்டைக் குழந்தைகளாக நடித்துப் புகழ் பெற்றவர், வளர்ந்தபின் தொடர்கள் தயாரிக்கும் தொழிலிலே இறங்கினார். 2015இல் கலைஞர் தொலைக்காட்சியிலே வந்ததே 'இராமானுஜர்', கலைஞர் தொண்ணூறு வயதைத் தாண்டிய பிறகு திரைக்கதை வசனம் தீட்டிய தொடர் — அதன் தயாரிப்பாளர் இந்தக் குட்டி பத்மினிதான். பெயரிலே மட்டும் "குட்டி" போகவே இல்லை!

இவர்களெல்லாம் தப்பித்தவர்கள். தப்பித்தவர்களைக் காட்டி, "பார், முன்னேறவில்லையா?" என்று கேட்பது முதலாளியின் வாதம். ஓட்டலிலே மேசை துடைத்த பையன் ஓட்டல் வைத்த கதையும் உண்டு. அதற்காக மேசை துடைக்கும் பையன்களுக்குக் கூலி வேண்டாம் என்று சொல்வோமா?

தொலைக்காட்சிக்கு வருவோம். 1975 ஆகஸ்டு 15இல் சென்னைத் தொலைக்காட்சி நிலையம் பிறந்தது. 1993 தமிழ்ப் புத்தாண்டு நாளிலே சன் டி.வி. வந்தது. தொடர்கள் பெருகின, வாரத்துக்கு ஒரு நாள் என்பது போய், வாரமெல்லாம் என்றாயிற்று. நெடுந்தொடருக்குக் குழந்தை கட்டாயம் வேண்டும். அழுவதற்கு வேண்டும், தொலைவதற்கு வேண்டும், பிரிந்த பெற்றோரைச் சேர்த்து வைப்பதற்கு வேண்டும். திரைப்படத்திலே குழந்தைக்குச் சில நாள் வேலை. தொடரிலே மாதக்கணக்கு, ஆண்டுக்கணக்கு. பள்ளிக்கூட நாளும் படப்பிடிப்பு நாளும் ஒன்றோடொன்று மோதும். மோதினால் தோற்பது பள்ளிக்கூடம்தான்.

பிறகு ஒரு நாள், திரையிலே ஒரு வரி ஓடும்: "பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு..." கதையிலே சிறுமி குமரியாகிவிடுவாள். குமரி வேடத்துக்கு வேறொரு பெண் வருவாள். அந்த ஒரே வரியிலே, நேற்றுவரை வீட்டுக்கு வீடு பேர் சொல்லிக் கூப்பிட்ட குழந்தைக்கு வேலை போயிற்று! முன்னறிவிப்பு இல்லை, ஆட்குறைப்பு ஈட்டுத்தொகை இல்லை. இதுதான் தொலைக்காட்சி யுகத்து மகரக்கட்டு. பழைய கம்பெனியிலிருந்து வெளியேறிய பையன் தாளமாவது கற்றிருந்தான். இந்தக் குழந்தை கற்றதென்ன? சொன்னதும் அழக் கற்றது. வகுப்பிலே விட்டுப்போன கணக்குப் பாடம் யாரிடம் கற்கும்?

நல்ல முடிவே இல்லை என்று சொல்லவில்லை. சென்னையிலே பிறந்த ஆர்.கே. நாராயணின் கதைகளைச் சங்கர் நாக் 'மால்குடி டேஸ்' என்று தொலைக்காட்சிக்குத் தந்தார், 1980களிலே. அதிலே சுவாமியாகத் துள்ளித் திரிந்த கன்னடத்துச் சிறுவன் மாஸ்டர் மஞ்சுநாத்தை அந்தத் தலைமுறை இன்றும் மறக்கவில்லை. பத்தொன்பது வயது அளவிலே நடிப்பை விட்டார்; பொதுமக்கள் தொடர்புப் பணி என்னும் வேறு தொழிலைத் தேடிக்கொண்டார். ஆரவாரம் அடங்கியபின் அமைதியாக ஒரு வாழ்வு. நட்சத்திரமாகத் தொடர்ந்தால்தான் வெற்றி என்று யார் விதித்தது? வேறு தொழிலுக்குப் போக ஒரு கதவு திறந்திருக்க வேண்டும், அதுவே தேவை. அந்தக் கதவுக்குச் சாவி படிப்பு. படிக்க ஆகும் செலவுக்குக் கையிலே கொஞ்சம் பணம். அந்தக் குழந்தையே சம்பாதித்த பணம்!

அந்தப் பணம் எங்கே போகிறது என்பதற்கு அமெரிக்காவிலே நடந்த கதை ஒன்று. 1921இல் சார்லி சாப்ளினின் 'தி கிட்' படத்திலே கிழிந்த சட்டையோடு நடித்த ஜாக்கி கூகன் என்ற சிறுவனை உலகமே கொஞ்சியது. அவன் ஈட்டியது முப்பது, நாற்பது லட்சம் டாலர் என்று கணக்கிட்டார்கள். தந்தை இறந்தார், வயது வந்தது, "என் பணம் எங்கே?" என்று கேட்டான் மகன். தாயும் மாற்றுத் தந்தையும் கை விரித்தார்கள். பிள்ளை சம்பாதித்தது பெற்றவருக்கே சொந்தம் என்றது அன்றைய சட்டம். 1938இல் வழக்கு மன்றம் ஏறினான். கடைசியிலே கைக்கு வந்தது ஒன்றேகால் லட்சம் டாலர் சொச்சம். ஊர் கொதித்தது, 1939இல் கலிபோர்னியாவிலே குழந்தை நடிகர் கூலியில் ஒரு பகுதியை ஒதுக்கி வைக்கச் சட்டம் பிறந்தது. இன்றும் அதற்குக் கூகன் சட்டம் என்றே பெயர். கூகனோ பிற்காலத்திலே தலை மழித்துக்கொண்டு, 1964 முதல் 'ஆடம்ஸ் பேமிலி' என்னும் தொலைக்காட்சித் தொடரிலே கோமாளி மாமாவாக வந்து பிழைத்தார்.

"இங்கே அப்படிச் சட்டம் இல்லையே" என்று பெருமூச்சு விடவேண்டாம். இருக்கிறது! அதுதான் வேதனை.

1986ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தை 2016இல் திருத்தினார்கள். பதினான்கு வயதுக்குட்பட்ட குழந்தையை எந்தத் தொழிலிலும் அமர்த்தக்கூடாது என்று தடை போட்டுவிட்டு, விதிவிலக்குக் கதவு ஒன்றும் வைத்தார்கள்: விளம்பரம், திரைப்படம், தொலைக்காட்சித் தொடர் போன்றவற்றிலே கலைஞராகப் பணி செய்யலாம், சர்க்கஸ் கூடாது, படிப்புக்குப் பழுது வரக்கூடாது. 2017இல் விதிகளும் வந்தன. நாளொன்றுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது. ஓய்வில்லாமல் மூன்று மணி நேரத்துக்கு மேல் நிறுத்தக்கூடாது. தொடர்ந்து 27 நாளுக்கு மேல் கூடாது. குழந்தையின் விருப்பத்துக்கு மாறாக நடிக்க வைக்கக்கூடாது. படப்பிடிப்பு நடக்கும் மாவட்டத்தின் ஆட்சியரிடம் முன்அனுமதி பெற வேண்டும். ஐந்து குழந்தைகளுக்கு ஒருவர் என்று பொறுப்பாளர் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, குழந்தையின் வருமானத்திலே குறைந்தது 20 விழுக்காட்டை நாட்டுடைமை வங்கியிலே அந்தக் குழந்தையின் பெயரில் நிரந்தர வைப்பாகப் போட வேண்டும். வயது வந்ததும் அது குழந்தையின் கைக்கே போகும்.

நாளுக்கு ஆயிரம் ரூபாய் கூலி என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். இருநூறு வங்கிக்கு. மாதம் இருபது நாள் வேலை என்றால் நாலாயிரம். இரண்டாண்டு ஓடிய தொடருக்கு 96,000 ரூபாய், வட்டி தனி. கல்லூரிப் படிகளிலே கால் வைக்கும் நாளில் அந்தப் பெண்ணுக்கு அது எவ்வளவு பெரிய துணை! கூகனுக்குக் கலிபோர்னியா வகுத்தது போன்ற வழியை நம் சட்டமும் வகுத்துவிட்டது. தாளிலே மட்டும் உள்ளதா, வங்கியிலும் உள்ளதா என்பதுதான் கேள்வி.

பெற்றோரைத் திட்டுவது எளிது. நாம் அதைச் செய்யமாட்டோம். மயிலாப்பூர்த் திண்ணையிலே உள்ளங்கையில் தலையை ஏந்தியிருந்த தாயைக் கண்ட பிறகு அப்படி எழுத நமக்குக் கை வராது. வாடகை கட்ட வேண்டும், மூத்தவனுக்குப் பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டும், அழைத்துப் போன ஒருங்கிணைப்பாளருக்குப் பங்கு தர வேண்டும். வைப்பு என்று ஒரு விதி இருக்கிறது என்பதை அந்தத் தாயிடம் சொன்னவர் யார்? சொல்ல வேண்டியவர்கள் அனுமதி கேட்டுப் படிவம் நிரப்புகிறவர்கள். அவர்களுக்கு அவசரம் ஷாட்டிலே!

தொழிலாளத் தோழர்களே, உங்கள் சம்பளத்திலே 12 விழுக்காடு வருங்கால வைப்பு நிதிக்குப் பிடிக்கிறார்கள். பிடித்ததைக் கட்டாமல் விட்டால் சும்மா இருக்கிறீர்களா? சங்கம் கேட்கிறது, வாயிற்கூட்டம் போடுகிறது. நடிகர்களுக்கும் சங்கம் இருக்கிறது. 1952இல் தொடங்கிய தென்னிந்திய நடிகர் சங்கத்தின் இடம் இதே தியாகராயநகர் அபிபுல்லா சாலையிலே. அதன் முதல் தலைவர் யார் தெரியுமா? கே. சுப்பிரமணியம் — பேபி சரோஜாவைத் திரைக்குக் கொண்டுவந்த இயக்குநர், அவருடைய உறவினர்! தொழில்நுட்பத் தோழர்களுக்குப் பெப்சி இருக்கிறது. ஏழு வயதுக் குழந்தை எந்தச் சங்கக் கூட்டத்திலே எழுந்து நின்று, "தலைவரே, என் இருபது விழுக்காடு எங்கே?" என்று கேட்கும்?

குழந்தை கேட்காது. அருகிலே நிற்பவர்கள் கேட்கலாம். அந்தப் படப்பிடிப்பு வீட்டிலே விளக்கு பிடிப்பவர் நம் தோழர். ஜெனரேட்டர் ஓட்டுபவர் நம் தோழர். சோறு பரிமாறுபவரும், வண்டி ஓட்டுபவரும், அரிதாரம் பூசுபவரும் உழைக்கும் மக்கள்தாம். குழந்தை எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குப் போனது என்பது அவர்களுக்குத் தெரியும். அவர்களும் அதே நேரம்தானே நின்றிருக்கிறார்கள்! இந்தச் சட்டத்தின்படி குற்றம் நடந்தால் முறையிடக் காவல்துறைக்கும் ஆய்வாளருக்கும் மட்டுமல்ல, யாருக்கும் உரிமை உண்டு. தடையை மீறிக் குழந்தையை வேலை வாங்குவோருக்கு ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறை, இருபதாயிரம் முதல் ஐம்பதாயிரம் ரூபாய் வரை அபராதம் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். வழக்குக்குப் போகும் முன்பே செய்யக்கூடியதும் உண்டு. 1098 என்ற எண்ணைத் தட்டினால் குழந்தைகள் உதவி மையம் பேசும். சங்க அலுவலகத்திலே ஒரு பேரேடு போட்டு, எந்தத் தொடரில் எந்தக் குழந்தை, வைப்புக் கட்டப்பட்டதா என்று எழுதி வரலாம். ஒரு பேரேட்டின் விலை எவ்வளவு ஆகிவிடும்?

நாம் திரும்பும்போது மணி ஏழு. ஜெனரேட்டர் இன்னும் உறுமிக்கொண்டுதான் இருந்தது. திண்ணையிலே அந்தப் பள்ளிக்கூட நோட்டு மட்டும் கிடந்தது. தாயும் மகளும் உள்ளே இருந்தார்கள். வாயிலில் நின்ற இளைஞர் ஒருவரிடம், "ஆட்சியர் அனுமதி வாங்கியிருக்கிறீர்களா, தம்பி?" என்று கேட்டோம். "எல்லாம் ஆபீஸ்ல இருக்கும் சார்" என்றார். நாளை அந்தப் பக்கம் போகும் தோழர்கள் யாராவது, எந்த ஆபீஸில் என்று கேட்டு வாருங்கள்.